மைனர் லீக்கில் ரிலீவ் பிட்சர்: மகனை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகனுக்கு 22 வயது, கல்லூரி பேஸ்பால் அணியில் ரிலீவ் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கிப் பந்து போடுபவன். மேஜர் லீக் கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 20 சுற்று முடிந்தும் அவன் பெயர் வரவில்லை. இப்போது உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஆடும் ஒரு கிளப், வீரர்களை வளர்க்கும் தன் மைனர் லீக் அணியில் சேரக் கூப்பிடுகிறது. பட்டம் வாங்க இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி. அவன் அப்பா வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அனுப்புங்கள். ஆனால் மூன்று வருடம் என்று வீட்டுக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பற்றிய பயம் பழைய கதை. மைனர் லீக்கில் சிங்கிள்-ஏ, அதற்கு மேல் டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிகள் உண்டு, அதற்கும் மேலேதான் மேஜர் லீக். 2021ல் சிங்கிள்-ஏ அணியில் வாரத்துக்கு 500 டாலர்தான், அதுவும் சீசன் நடக்கும்போது மட்டும். 2023ல் வீரர்கள் யூனியன் மூலம் போட்ட முதல் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் சிங்கிள்-ஏவில் 26,200 டாலர், டபுள்-ஏவில் 30,250, டிரிபிள்-ஏவில் 35,800 என்று ஆனது. தங்குமிடத்தை 2022 முதல் கிளப்பே பார்த்துக்கொள்கிறது. மிச்சம் பிடிக்க முடியாது. உங்களிடம் வாடகைக்குக் கை நீட்டவும் வேண்டியிருக்காது.

கவலைப்பட வேண்டியது கையைப் பற்றி. ரிலீவரின் உழைப்பில் பாதி ஸ்கோர் அட்டையில் ஏறாது. ஐந்தாவது இன்னிங்ஸில், ரிலீவர்கள் காத்திருக்கும் புல்பென்னில் போன் அடிக்கும். பையன் எழுந்து இருபது, இருபத்தைந்து பந்து போட்டு உடம்பைச் சூடாக்குவான். அதற்குள் ஆட்டத்தில் இருக்கும் பிட்சர் சமாளித்துவிடுவார், இவனை உட்காரச் சொல்வார்கள். ஏழாவது இன்னிங்ஸில் மறுபடியும் போன், மறுபடியும் இருபது பந்து. கடைசியில் களத்தில் இறங்காமலே பஸ் ஏறுவான். அன்றைக்கு அவன் ஓய்வில் இருந்ததாகத்தான் பதிவு சொல்லும், முழங்கை அப்படிச் சொல்லாது. அந்தப் பந்துகளையும் சேர்த்து அவனே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். வலி இருந்தால் அன்றே டிரெய்னரிடம் சொல்லட்டும். வாய்ப்புப் போய்விடுமோ என்று மறைக்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. முழங்கைத் தசைநாருக்கு டாமி ஜான் அறுவைச் சிகிச்சை செய்தால் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 2008ல் இந்தியாவில் நடந்த போட்டி ஒன்றில் கண்டெடுக்கப்பட்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் சேர்ந்தவர் இடதுகை வீரர் ரிங்கு சிங். சிங்கிள்-ஏ வரை ஏறிவந்தார். அதன் பிறகு காயத்தில் சீசன் சீசனாகப் போனது, மேலே போகவே முடியவில்லை.

முன்னேறுகிறானா என்று இ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக பிட்சர் கணக்கில் ஏறும் ரன்) மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எதிரணியில் இரண்டு பேர் ரன்னுக்கு ஓடும் வழியில் பேஸில் நிற்கும்போது உங்கள் மகனை இறக்குகிறார்கள், முதல் பந்திலேயே அடி வாங்குகிறான், இரண்டு பேரும் ஓடி வந்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். அந்த ரன்கள் அவர்களை பேஸில் விட்டுப் போன பிட்சர் தலையில் விழும். இவன் பேஸில் விட்டுவரும் ஆட்களை அடுத்தவர் ஓடவிட்டால் பழி இவனுக்கு. எத்தனை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டக்காரரை அவுட்டாக்குவது), எத்தனை வாக் (நான்கு தவறான பந்து போட்டு ஆட்டக்காரருக்கு முதல் பேஸைச் சும்மா கொடுப்பது), பந்தின் வேகம் என்ன, இதையெல்லாம்தான் கிளப் பார்க்கிறது. அதைவிட முக்கியம், நிலை மாறுகிறானா என்பது. 25 வயதில் டபுள்-ஏவைத் தொடாத ரிலீவருக்கு வழி குறுகிவிட்டது என்பது என் கணிப்பு. தொட்டுவிட்டால் கெடுவைத் தள்ளிப் போடுங்கள். மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 2026ல் 7,80,000 டாலர், அதற்கு அவன் இரண்டு படி கீழே நிற்கிறான்.

ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமானது, இதை அவன் தெரிந்துகொண்டே போகட்டும். இந்த வயதில் சேர்பவன் ஆறு வருடம் கிளப்புக்குக் கட்டுப்பட்டவன், கிளப்போ எந்த நாளும் விடுவிக்கலாம். ஒரு கிளப் மைனர் லீக்கில் வைத்துக்கொள்ளக்கூடிய வீரர்கள் சீசனில் 165 பேர்தான். அதனால் மார்ச் கடைசியில் நிறையப் பேருக்கு வீட்டுக்குப் போகச் சொல்லி அழைப்பு வரும்.

இனி அந்த ஒரு செமஸ்டர். படிப்புச் செலவைக் கிளப் ஏற்கும் பிரிவை முதல் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும், பிறகு கேட்டால் நடக்காது. ஆட்டத்தை விட்ட இரண்டு வருடத்துக்குள் படிக்கத் தொடங்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு, எத்தனை செமஸ்டர் என்ற எண்கள் தாளில் இருக்கின்றனவா என்று, அவன் கையெழுத்துப் போடும் முன் அப்பாவையே வரிவரியாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.