தம்பி, தெர்மலில் தெரிவது சூடு மட்டும்தான்

கூடலூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஆர்மிடேல் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது. ஆடு குட்டி போடும் பருவத்தில் ராத்திரி நரி சுடக் கூட வர வேண்டும் என்று பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்கு இருட்டில் பார்க்கும் நைட் விஷன் கருவி சொந்தமாக வாங்கலாமா, வீட்டு வாடகை எவ்வளவு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி, நம்ம அரிசி கிடைக்குமா, லீவுக்கு வரும்போது கருவியை எடுத்துவந்தால் பந்தலூரில் அம்மா வீட்டுப் பக்கம் வரும் சிறுத்தைக்குப் பயன்படுமா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

தம்பி, வாடகை, பள்ளிக்கூடமெல்லாம் போய் இறங்கினால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அரிசி கிடைக்கும். அதற்குப் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். ராத்திரி வேட்டையைப் பற்றிச் சொல்லத்தான் நம் ஆட்களில் ஆள் குறைவு. அதைச் சொல்கிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். வந்து இறங்கியது நீங்கள் போகிற அதே மேட்டு நிலம். ஆர்மிடேல் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், பக்கத்துக் கைரா அதற்கும் மேலே. ஜூலையில் உறைபனி விழும். என்னை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் ஊரில் சொன்ன வேலை ஒன்று, வந்த பிறகு கொடுத்தது வேறு. வந்த வாரமே ஒரு ராத்திரி, திறந்த வண்டியின் பின்பக்கம் நிற்கவைத்து, கையில் ஸ்பாட்லைட்டைக் கொடுத்து, அடி என்றார்கள். ஒழுங்கான ஸ்வெட்டர்கூடக் கிடையாது. சுடுகிறவர் எந்தப் பக்கம் சுடுவார், நான் எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த மாதிரி ராத்திரி உங்களுக்கு வரக் கூடாது. விளக்கம் சொல்லாமல் வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். நல்ல பண்ணைக்காரர் உங்கள் கேள்வியை மதிப்பார். மதிக்காதவரிடம் ராத்திரியில் போகவே வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே சுடுவது நம் குள்ளநரியை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக வெள்ளைக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட சிவப்பு நரி அது. அந்த மண்ணின் சிறு பிராணிகளுக்கு அதனிடமிருந்து தப்பிக்கத் தெரியவில்லை. பிறந்து ஈரம் காயாத ஆட்டுக்குட்டியின் நாக்கையும் மூக்கையும் கடித்துவிட்டுப் போயிருக்கும், குட்டி உயிரோடு கிடக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவன் நரி வேட்டையைப் பாவம் என்று பேச மாட்டான். ஆனாலும் துப்பாக்கி மட்டும் நரியைக் குறைப்பதில்லை. ஒன்றைச் சுட்டால் பக்கத்து நிலத்திலிருந்து இன்னொன்று வரும். அக்கம்பக்கத்துப் பண்ணைகள் ஒரே சமயத்தில் 1080 என்ற விஷத்தீனி வைப்பார்கள், காவலுக்கு மரெம்மா நாய் வளர்ப்பார்கள், அதோடு சேர்த்துத்தான் வேட்டை. அந்த விஷம் நாய்க்கு எமன். பண்ணை நாயோடு நடக்கும்போது எங்கே தீனி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நடங்கள்.

இனி கருவிக்கு வருகிறேன். இரண்டு வகை உண்டு. ஒன்று நிலா, நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது. டிஜிட்டல் என்றால் தானே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கடித்துப் பார்க்கும். இன்னொன்று தெர்மல். அதற்கு வெளிச்சமே வேண்டாம், உடம்புச் சூட்டைப் படமாக்கும். எல்லாரும் மயங்குவது தெர்மலில்தான். கும்மிருட்டில் அரை கிலோமீட்டருக்கு அப்பால் வெள்ளையாக ஒன்று நகர்வதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும்.

அங்கேதான் ஆபத்து. அது காட்டுவது சூட்டை. யாருடைய சூடு என்று சொல்லாது. விற்கிறவர்கள் ஆயிரம் மீட்டருக்கு மேல் தெரியும் என்பார்கள். ஏதோ ஒன்று நிற்கிறது என்பது தெரியும் தூரம் அது. அது நரியா, மரெம்மா நாயா, பக்கத்துப் பண்ணைக்காரர் குனிந்து வேலி பார்க்கிறாரா என்று பிரித்தறியும் தூரம் அதில் சிறு பங்குதான்.

ஒரு ராத்திரி வேலியோரமாக ஒன்று தாழ்ந்து ஓடியது. கூட வந்தவர் நரி என்று உறுதியாகச் சொன்னார், துப்பாக்கியையும் எடுத்துவிட்டார். பண்ணைக்காரப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். நரி ஓட்டத்தில் வால் பின்னால் நேராக நீளும், காலடி அளந்து வைக்கும். இது கட்டைக்கால், குதித்துக் குதித்துப் போனது. விளக்கடித்துப் பார்த்தோம். பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, வாலிலும் புள்ளி. குவோல். அந்த மண்ணுக்கே உரிய, அழிந்துவருகிற, சட்டம் காக்கிற பிராணி. அது மரத்தடியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனது. அந்தப் பெரியவரிடம் நான் கற்றதை எந்தக் கடையிலும் விற்கவில்லை.

கடையில் சொல்லாததை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். தெர்மலில் முள்கம்பி தெரியாது. கம்பியும் காய்ந்த புல்லும் சுற்றுப்புறக் குளிரிலேயே இருப்பதால் படத்தில் கரைந்துபோகும். குண்டு கம்பியில் பட்டால் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி வழியாகத் தெர்மல் பார்க்காது. வண்டி ஜன்னலை இறக்கித்தான் பார்க்க வேண்டும், அந்தக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரண்டாவதைச் சட்டைப் பைக்குள் உடம்போடு வைத்திருங்கள். தூரத்து வீட்டு ஜன்னலில் எரிகிற விளக்கு வெளிச்சமும் தெர்மலில் தெரியாது. பின்னால் வீடு இருப்பதைக் கருவி சொல்லும் என்று நம்பாதீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன .22 ரகத் துப்பாக்கியின் குண்டே ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். நரி வேட்டைக்கு எடுக்கிற .223 ரகம் அதைவிட வெகுதூரம். அதனால் பகலிலேயே அந்த நிலத்தை நடந்து பாருங்கள்: வீடு எங்கே, சாலை எங்கே, பின்னால் மண்மேடு எங்கே. மேட்டு விளிம்பில் வானத்தை முதுகாக்கி நிற்கும் எதையும் சுடக் கூடாது.

தேடுவதற்குக் கையில் பிடிக்கும் தனிக் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி மேல் மாட்டிய ஸ்கோப்பால் தேடினால், பார்க்கிற ஒவ்வொன்றின் மேலும் குழாயை நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அது மனிதனாகவும் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமாதானம் ஆனதில்லை.

சொந்தமாக வாங்கலாமா என்றால், வேண்டாம். நல்ல தெர்மல் சில ஆயிரம் டாலர். முதல் வருஷம் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவும் வேண்டாம். 1996இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு அந்த நாடு சட்டத்தை இறுக்கியது, இப்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கிறது. உங்கள் விசாவுக்கு உரிமம் உண்டா என்பதை மாநிலப் போலீஸின் துப்பாக்கிப் பதிவகத்தில் நேராகக் கேளுங்கள். பண்ணைக்காரர் பரவாயில்லை என்று சொன்னதெல்லாம் விசாரணையில் நிற்காது. ஒரு வழக்கு வந்தால் விசாவே போகும்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகரத்திலிருந்து சனிக்கிழமை வருவார்கள். யாரோ நண்பரின் துப்பாக்கி, புதுத் தெர்மல், செத்த நரியோடு படம், திங்கட்கிழமை எல்லாருக்கும் அனுப்பியாகிவிடும். குறிப்பிட்ட நிலத்தில் சுட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்காது. இன்னொரு வகை, கிராமத்தில் இருக்கிறோம் என்றாலே நம்மைப் பிழைக்கத் தெரியாதவன் மாதிரி பார்ப்பது. சிட்னிக்கு வந்துவிடு என்று எனக்கும் சொன்னார்கள். நான் போகவில்லை. முயல் கத்துவது மாதிரி விசில் ஊதி நரியை வரவழைக்கக் கற்றுக்கொண்டேன், ஆடு மேய்க்கிற நாய்க்குச் சொல்கிற சொல் கற்றுக்கொண்டேன். இன்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் குட்டி பருவத்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு இடம் மாறுவது புதிதும் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்தை விட்டு வந்து, தெரியாத மலையில் தேயிலை நட்டுப் பிழைத்தவர் என் தாத்தா. குளிரும் கொழுந்தும் தெரிந்தவருக்கு எந்த மலையும் ஊர்தான் என்பார்.

அப்புறம் பந்தலூர்ச் சிறுத்தை. தம்பி, இந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது. அங்கே நரி வந்தேறி. நம் மலையில் சிறுத்தை இருந்த இடத்தில்தான் நாம் தோட்டம் போட்டோம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் பட்டியல் விலங்கு, அதாவது உச்சப் பாதுகாப்பு. சுட முயன்றாலே வேட்டைதான், ஜாமீன் கிடைப்பதே பாடு. ஒரு காலத்தில் செந்நாயைக் கொன்றால் அரசே பரிசுப் பணம் கொடுத்த நாடு இது. இன்று அதுவும் பாதுகாப்பில். ஆளைக் கொல்லும் விலங்கைப் பற்றி முடிவெடுப்பது தலைமை வனஉயிரினக் காப்பாளர் மட்டும். 2014இல் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டதும் அப்படித்தான். 2021இல் வனத்துறை டி23 என்று எண் வைத்த புலியைக் கும்கி, மோப்ப நாய், ட்ரோன் என்று மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம் உயிரோடு பிடித்ததும் அப்படித்தான். பந்தலூரில் 2024 ஜனவரியில் மூன்று வயதுக் குழந்தையைக் கொன்ற சிறுத்தையையும் மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். அந்தத் தாயின் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உங்கள் கையில் தெர்மல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கையில் நாட்டுத்துப்பாக்கி வரும், தேயிலைச் செடிக்கு நடுவே வெளிக்குப் போக உட்கார்ந்தவரும் அதில் வெள்ளையாகத்தான் தெரிவார். சில வகைத் தெர்மலை ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியே கொண்டுபோக ராணுவத்துறை அனுமதியும் வேண்டும், இந்தியச் சுங்கத்தில் பதில் சொல்லவும் வேண்டும்.

என் அப்பா தோட்டத்தில் ராக்காவல் பார்த்தார். ஐந்து பேட்டரி டார்ச், ஒரு தடி. கரடி நடமாடும் வளைவு வந்தால் நின்று இருமுவார், தடியைக் கல்லில் தட்டுவார், வெளிச்சத்தைத் தரையில் அடிப்பார், அது விலக நேரம் கொடுப்பார். சிறுத்தை வீட்டுக்கு வருவது பெரும்பாலும் நாய்க்காக. கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் அம்மா வீட்டு நாய்க்கு இரும்புக் கதவு போட்ட கூண்டு கட்டுங்கள், கோழிக்கழிவை வாசலில் கொட்டாமல் பாருங்கள், கக்கூஸ் வெளியே இருந்தால் அது வரைக்கும் ஒரு சோலார் விளக்கு. வனச்சரக அலுவலகத்து நம்பரை அம்மாவின் போனில் போட்டுக்கொடுங்கள். இதையெல்லாம் விமானம் ஏறுமுன் செய்துவிட்டுப் போங்கள்.