பூத்தையல் துணி சன்னலுக்கா, சோபாவுக்கா?

கேள்வி: புது வீட்டுக் கூடத்துக்காக, கொடியும் பூவுமாகக் கம்பளி நூலில் தைத்த காஷ்மீர்ப் பருத்தித் துணி வாங்க எண்ணியிருக்கிறோம். 4 அடி அகலச் சன்னலுக்கு 7 அடி உயரத் திரைச்சீலை தைக்க எவ்வளவு வேண்டும்? அதையே சோபாவுக்கும் போடலாமா? எங்கள் ஊர் மழையைத் தாங்குமா?
— ஒரு வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: சன்னலுக்குத் தாராளமாக வாங்குங்கள், சோபா இருக்கைக்கு வேண்டாம். இந்தத் துணியில் கொடியும் இலையும் கொக்கி முனையுள்ள ஆரி ஊசியால் சங்கிலித் தையலாகப் போடப்படுகின்றன. கல்யாண ரவிக்கைகளில் நாம் பார்க்கும் ஆரி வேலையும் இதே முறைதான். வளையத்துக்குள் வளையமாகப் போகும் தையல் ஆகையால், உட்கார்ந்து எழும்போது வளையலோ பெல்ட்டோ மாட்டி ஓரிடத்தில் நூல் அறுந்துவிட்டால், அங்கிருந்து மளமளவென்று பிரிந்து வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சீலை பறந்து சன்னல் கொண்டியில் சிக்குவதும் உண்டு. அப்படி இழுபட்ட வளையத்தைக் கத்தரிக்காமல், ஊசியால் பின்பக்கம் தள்ளி முடிச்சிடுங்கள்.

சீலை மடிப்பு விழ, சன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வேண்டும். 54 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டு பாகம் போதும். உயரம் 84 அங்குலம், மேலும் கீழும் மடித்துத் தைக்க 10 அங்குலம், ஆக 94. கடையில் கேட்க மறக்கக்கூடாதது, அதே பூ எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பது. 30 அங்குலம் என்றால், இரண்டாம் பாகத்தை 120ஆவது அங்குலத்தில் தொடங்கினால்தான் இரு பக்கமும் பூக்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். ஐந்தரை மீட்டர் வாங்குங்கள். நடுவே மிஞ்சும் 26 அங்குலத்தில் இரண்டு குஷன் உறைகளின் முன்பக்கம் தைக்கலாம். வெட்டும்போது அருகில் இருங்கள்: என் வீட்டில் தையற்காரர் ஒரு பாகத்தைத் தலைகீழாக வெட்டிவிட, ஒரு சீலையில் கொடி மேலேறவும் மற்றதில் வேர் உச்சியிலிருந்து தொங்கவும் கண்டு, பல நாள் மனம் உறுத்தியது.

வெயிலில் சாயம் வெளுக்காதிருக்கப் பருத்தி லைனிங் அவசியம். வீட்டில் துவைக்க வேண்டாம். வெந்நீரிலும் கசக்கலிலும் கம்பளி ஒரு விதமாகவும் பருத்தி வேறு விதமாகவும் சுருங்குவதால், பூவைச் சுற்றித் துணி சுருக்கம் விழும். உலர் சலவைக்குக் கொடுங்கள். தேய்ப்பதானால், பூப்பக்கத்தைத் துவாலை மேல் கவிழ்த்துப் பின்புறமாகத் தேய்க்க வேண்டும்.

மழையைவிட நான் அஞ்சுவது அந்துப்பூச்சியை. அதன் புழு பருத்தியை விட்டுக் கம்பளியைத்தான் தின்னும். அசையாத, இருண்ட மடிப்புகளே அதற்குப் பிடித்த இடம். இடவப்பாதி மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை சீலையை உதறி, லைனிங்குக்கும் துணிக்கும் இடைப்பட்ட கீழ்மடிப்பை விரித்துப் பாருங்கள்.