ஈபேயில் ஏலம் கேட்கலாமா? இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். படிக்க வந்து ஒரு மாதம் ஆகிறது, சைக்கிளும் மேசையும் ஈபே என்ற இணையச் சந்தையில் ஏலத்தில் எடுத்தால் மலிவாகக் கிடைக்குமா. ஊரிலிருந்து கொண்டுவந்த கேமராவை அதில் விற்கலாமா. அறையில் கூட இருக்கும் பையன் சொல்கிற மாதிரி பொருள் வாங்கி விற்றுக் கைச்செலவைப் பார்த்துக்கொள்ளலாமா.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான். செய்யாதீர்கள். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் கூடாது. லாபத்துக்காக வாங்கி விற்பது பத்துப் பவுண்ட் கிடைத்தாலும் தொழில்தான். நாம் பயன்படுத்திய பழைய பொருளை விற்பது வேறு, அதற்குத் தடை இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்தப் பையன் சொல்வான். 2024 ஜனவரியிலிருந்து இந்தத் தளங்கள் வரித்துறைக்குக் கணக்கு கொடுக்க வேண்டும். ஒரு வருடத்தில் 30 பொருள் விற்றாலோ, 2,000 யூரோவுக்கு மேல், அதாவது இங்கே ஏறக்குறைய 1,700 பவுண்டுக்கு மேல் கைக்கு வந்தாலோ, உங்கள் பெயரும் தொகையும் அங்கே போய்விடும். இது புது வரி இல்லை, வீட்டில் சும்மா கிடந்த சட்டையை விற்றவருக்குப் பயம் வேண்டாம். ஆனால் விசா எடுத்து வந்திருக்கும் நீங்கள் இதில் விளையாடக் கூடாது.

இனி ஏலம். நான் 2007இல் லெஸ்டருக்கு வந்தபோது ஈபே என்றாலே ஏலம்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாதி ஏலங்கள் முடியும், நாங்கள் நாலு பேர் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடைசி பத்து விநாடி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். என் முதல் குளிர் கோட்டு, சோற்றுக் குக்கர், படிப்பு மேசை எல்லாம் அப்படி வந்தவை. இன்று திறந்து பாருங்கள், பெரும்பாலும் விலை போட்டு வைத்த புதுச் சரக்கு, விற்கிறவர் ஒரு கடைக்காரர். ஏலம் ஓரமாகிவிட்டது.

ஆனால் ஒரு இடத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அனுப்ப முடியாத, நேரில் போய்த் தூக்கிவர வேண்டிய சாமான். தபாலில் வராது என்றதும் போட்டி போடுகிறவர் கூட்டம் உங்கள் ஊரைச் சுற்றிப் பதினைந்து மைலுக்குச் சுருங்கிவிடும். எங்கள் வெட் கிரைண்டர் அப்படித்தான் வந்தது. வீடு காலி செய்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அது என்ன என்றே தெரியாமல் 'கல் வைத்த மிக்சிங் மெஷின்' என்று போட்டிருந்தார். கேட்டது நான் ஒருவன்தான், 11 பவுண்டுக்கு முடிந்தது. போய்ப் பார்த்தால் கோவை கிரைண்டர், குழவியின் இடுக்கில் காய்ந்த மாவு அப்படியே ஒட்டியிருந்தது, தேங்காய் துருவும் பல்லும் கூடவே ஒரு பையில். இதில் என்ன அரைப்பீர்கள் என்று அந்த அம்மா கேட்க, இட்லியை விளக்கிச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆகவே மேசை, நாற்காலி, கட்டில் தேடும்போது 'நேரில் எடுக்க மட்டும்' என்பதைத் தேர்ந்து, கிட்டத்திலிருப்பது முதலில் வரும்படி வைத்துப் பாருங்கள். பெயர் தப்பாக எழுதிய பொருளையும் தேடுங்கள்.

கேட்கும் முன் 'விற்று முடிந்தவை' என்ற பட்டியலைத் திறந்து, அதே பொருள் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். விற்கிறவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை, அவ்வளவுதான். பிறகு உங்களால் முடிந்த உச்சத் தொகையை மனதில் முடிவுசெய்து கடைசி நேரத்தில் ஒரே தடவை போடுங்கள். 40 போட்டால் 40ம் போய்விடாது, அடுத்தவர் 22இல் நின்றால் அதற்குக் கொஞ்சம் மேலே உங்களுக்கு விழும்.

கட்டணக் கதைதான் இப்போது தலைகீழ். முன்பு நம் மாதிரித் தனிநபர் விற்றால் தொகையில் 12.8 சதவீதமும் மேலே 30 பென்ஸும் பிடிப்பார்கள். 2024 அக்டோபரில் தனிநபருக்கு அதை எடுத்துவிட்டார்கள். சந்தோஷப்பட்டோம். 2025 பிப்ரவரியில் 'வாங்குவோர் பாதுகாப்புக் கட்டணம்' என்று வாங்குகிறவர் பக்கம் வந்தது, திரையில் காணும் விலைக்குள்ளேயே அது சேர்ந்திருக்கும். அதனால் விற்கிறவருக்கு இலவசம் என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள், வாங்குகிறவர் பையில் இருப்பது அதே காசு, கட்டணத்தையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போடுவார். பணமும் முன் மாதிரி உடனே வராது, பொருள் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். கேமரா காசில் வாடகை கட்டலாம் என்று நினைத்திருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

கேமராவை விற்கலாம், தாராளமாக. சீரியல் எண் தெரியும்படி படம் எடுங்கள், லென்ஸில் கீறல் இருந்தால் அதை முதல் படத்திலேயே காட்டிவிடுங்கள், பெட்டியில் வைத்து ஒட்டுவதை வீடியோ எடுத்து வையுங்கள். பணம் தளத்தின் வழியாகவே வரட்டும். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு ஒருவர் வீட்டுக்கே வந்து என் போனை வாங்கினார். வங்கி ஆப்பில் 180 பவுண்ட் அனுப்பியதாகத் திரையைக் காட்டினார், பச்சை டிக் கூட இருந்தது. மரியாதையான ஆள், என் மகளிடம் எந்தப் பள்ளி என்று கேட்டார். பணம் வரவே இல்லை, அந்தத் திரையே போலி. ஈபேயில் முன்னமே கட்டிவிட்டு நேரில் எடுக்க வந்தால், வாங்குகிறவர் ஒரு குறியீட்டைக் காட்டுவார், அதை நீங்கள் ஸ்கேன் செய்தபின் பொருளைக் கொடுங்கள். தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்ததை நீங்களே பார்க்காமல் எதையும் கைமாற்றாதீர்கள்.

வாங்கும்போது விற்கிறவர் கடையா தனிநபரா என்று பாருங்கள். கடை என்றால், ஏலத்தில் எடுத்திருந்தாலும், பொருள் வந்த 14 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பலாம், சட்டம் உங்கள் பக்கம். தனிநபர் என்றால் அந்த உரிமை இல்லை, அவர் எழுதியபடி பொருள் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

அப்புறம் சைக்கிள். ரொம்ப மலிவாக இருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். பெடல் பொருத்தியிருக்கும் இடத்துக்கு அடியில் ஒரு எண் பொறித்திருக்கும், அதன் படத்தை விற்கிறவரிடம் கேளுங்கள். பைக்ரெஜிஸ்டர் என்ற தளத்தில் போட்டுப் பார்க்கக் காசு இல்லை. படம் தரத் தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், ஜூன் மாதம் படிப்பு முடிந்து கிளம்பும் பிள்ளைகள் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதுவரை பஸ் போதும்.