கொல்லிமலை மக்கள் வெளியுலகத் தொடர்பின்றித் தனித்து வாழ்ந்ததால்தான் பழைய பண்பாட்டைக் காப்பாற்ற முடிந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து, ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீசுவரரை வணங்கிவிட்டு அன்று மாலையே இறங்கியவராக இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். அப்படி வருவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் கேள்வியில் உள்ள ‘தனித்து வாழ்ந்ததால்’ என்ற முடிவை, அந்த மலையில் பிறந்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தவன் முள்ளூர் மன்னன் காரி என்று அகநானூற்றின் 209ஆம் பாடல் சொல்கிறது. அதே பாடல் இந்த மலையின் பலா மரங்களையும் குறிப்பிடுகிறது. அரசர்கள் உயிரைக் கொடுத்துப் போட்டியிட்ட ஓரிடத்தைக் கீழே இருந்தவர்கள் அறியாமல் இருந்தார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இந்த மலைப் பழங்குடியினரான எங்கள் மலையாளி இனத்தாரின் கதையோ (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, தயவுசெய்து மறுமொழியில் அதைக் கேட்காதீர்கள்) காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவரில் தொடங்குகிறது. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றில் எவர் எங்கே தங்கினார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். அந்தக் கதையை வரலாறு என்று நான் வாதிட வரவில்லை. தாங்கள் வேறோர் ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தாமே சொல்லிக்கொள்ளும் மக்களை ‘வெளியுலகம் அறியாதவர்கள்’ என்று அழைப்பது பொருந்தாது என்று மட்டும் சொல்கிறேன்.

பேருந்து வருவதற்கு முன்பும் சேந்தமங்கலம், ராசிபுரம், துறையூர்ச் சந்தைகளுக்கு எங்கள் தாத்தா காலத்தவர்கள் தலைச்சுமையாகப் பலாப்பழமும் தானியமும் கொண்டுபோய், உப்பும் துணியும் இரும்பும் வாங்கி ஏறினார்கள். திருச்சிப் பக்கத்துப் புளியஞ்சோலை வழியாகவும் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். அந்த நடை கடினமானது என்பது உண்மை. இல்லாதது என்பது உண்மையல்ல.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்குக் காணொளி எடுக்க வந்த ஒரு குழுவினர், என் சித்தப்பாவைச் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு வந்து நிற்கச் சொன்னார்கள். வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்தும், வாசலில் மூன்று கல்லை வைத்து விறகு எரிக்கச் சொன்னார்கள். பிறகு என் அத்தையிடம் உரலில் சாமை குத்திக் காட்டும்படி கேட்டார்கள். அத்தை மறுக்கவில்லை. குத்திக்கொண்டே, “இதைக் குத்த முடியாமத்தான் கண்ணு சாமையவே விட்டோம்” என்று அவர்களிடம் சொன்னார். வெளியான காணொளியில் உலக்கையின் ஓசை இருந்தது, பின்னணியில் புல்லாங்குழல் இருந்தது, அத்தை சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் இல்லை.

கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று வகை வகையாகவும், அவற்றோடு தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்களில் இன்று பெரும்பாலும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) நிற்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு அது தேவைப்பட்டது. பாதை வந்தபின் லாரி தோட்டத்துக்கு அருகிலேயே வந்து ஏற்றிக்கொண்டது. கையில் மொத்தமாகப் பணம் கிடைத்தது. ரேஷன் அரிசி வந்தபின், சாமையை மணிக்கணக்கில் குத்திப் புடைத்துச் சோறாக்க வேண்டிய கட்டாயமும் பெண்களுக்கு இல்லாமல் போயிற்று. 1990களின் நடுவிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சாமை விதைகளைத் திரட்டிக் காக்கும் வேலையோடு, உமி நீக்கும் இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் கொண்டுவந்து சேர்த்ததற்குக் காரணம், உலக்கையின் பாரம் குறையாமல் தானியம் வயலுக்குத் திரும்பாது என்பதுதான்.

‘குச்சிக்கிழங்குப் பணத்தில் படித்துவிட்டு அதையே பழிக்கிறாயா’ என்று கேட்பவர்கள் உண்டு, வீட்டிலேயே உண்டு. நான் பழிக்கவில்லை. என் விடுதிக் கட்டணம் அந்தக் கிழங்கு விற்ற காசில் கட்டப்பட்டதுதான். பழமையைக் காக்கும் பொறுப்பை மலையில் இருப்பவன் தலையில் மட்டும் கட்டிவிட்டு, கீழே இருப்பவர்கள் அதை ரசிக்க மட்டும் வருவதைத்தான் குறை சொல்கிறேன்.

காப்பாற்றப்பட்டவை இல்லாமல் இல்லை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலையை நாடுகளாகப் பிரித்த பழைய பிரிவினை இன்று ஊராட்சிப் பெயர்களாகவே தொடர்கிறது. குடும்பத் தகராறுகளில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரின் சொல்லுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது. பெண்களுக்கு அங்கே போதிய இடமில்லை என்பதால் நான் அதைப் புகழ மாட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலில் சமவெளிக் கூட்டம் எங்களைவிட அதிகமாக இருக்கும். இவை எதுவும் ஆள் வராததால் நிலைத்தவையல்ல; கடைசியாகச் சொன்னது ஆட்கள் வருவதால்தான் இவ்வளவு பெரிதாக நடக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்ட வரம்போடுதான் எழுதப்பட்டிருக்கிறது. பழைய சேலம் மாவட்டம் அதில் இருப்பதால் நாமக்கல்லைச் சேர்ந்த எங்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயரோடு வாழ்பவர்கள், அவர்களுடைய பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அந்த வரிசையில் இல்லாத காரணத்தால், நெடுங்காலமாக மனுக் கொடுத்து வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையில் தொடங்கி வேலைவாய்ப்பு வரை இது பாதிக்கிறது. மலை மக்களின் பண்பாட்டைப் பற்றி அக்கறையோடு கேட்பவர்கள் இதைப் பற்றியும் ஒரு கேள்வி எழுப்பினால் நன்றாக இருக்கும்.