பக்கத்திலேயே காலேஜ் இருக்க, ஏன் வெளியூர்? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள், பதில்கள்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இவை. பதில் சொல்பவர் இந்தப் பக்கத்தில் ஆசிரியராக இருந்தவர். கவுன்சிலிங் சமயத்தில் பிள்ளைகளுக்கு வழி சொல்பவர்.

காட்பாடியிலிருந்து ஒரு தந்தை: டெல்லி, பாட்னாவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் நம்ம வி.ஐ.டி.க்கு வருகிறார்கள். என் பையனோ கோயம்புத்தூர்தான் போவேன் என்கிறான். இது என்ன சார் பிடிவாதம்?

பிடிவாதம் இல்லை சார், கணக்கு. வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வும் தனி, கட்டணமும் தனி. அந்தக் கட்டணமும் ரேங்க்கைப் பொறுத்து மாறும். மாநிலப் பொறியியல் கவுன்சிலிங்கில் அந்த இடங்கள் வராது. பாட்னா பையனுக்கு நம் கவுன்சிலிங்கின் 69 சதவீத இடஒதுக்கீடு கிடையாது, அதனால் நுழைவுத் தேர்வு எழுதி வருகிறான். உங்கள் பையனுக்கு இரண்டு வழியும் உண்டு. கட்-ஆஃப் நன்றாக இருந்தால் கோயம்புத்தூர் என்ற ஒரே ஊரில் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்ற மூன்று நல்ல பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. அவன் ஊரைச் சொல்லவில்லை, இந்த மூன்றைச் சொல்கிறான்.

வெளிமாநிலப் பிள்ளைகள் இங்கே வர இன்னொரு காரணம் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது: காட்பாடி ஜங்ஷன். செமஸ்டர் முடியும் நாளில் பிளாட்பாரத்தில் டிராலிப் பெட்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் இருக்காது. தவிர, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளால் இந்த ஊருக்கு வெளியாட்கள் புதிதல்ல. பாபு ராவ் தெருவில் போய்ப் பாருங்கள், வங்காள எழுத்தில் போர்டு, மீன் குழம்புச் சாப்பாடு. வருகிற பிள்ளைக்கு அது பெரிய தைரியம்.

ஆம்பூரிலிருந்து ஒரு மாணவி: அப்பாவுக்கு டேனரியில் வேலை. எனக்கு லெதர் டெக்னாலஜி படிக்க ஆசை. இத்தனை டேனரி உள்ள ஊரை விட்டு சென்னைக்கா போக வேண்டும்?

ஆமாம்மா, பி.டெக். என்றால் சென்னைதான். கிண்டியில் ஏ.சி. டெக், அதாவது அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் அந்தப் படிப்பு இருக்கிறது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கிறது. தொழில் ஒரு ஊரில், படிப்பு இன்னொரு ஊரில் என்பது புதிதில்லை. மீன்வளம் என்றால் தூத்துக்குடி, வனவியல் என்றால் மேட்டுப்பாளையம். வெளியூர் போக இதைவிட நல்ல காரணம் இல்லை. போய் வா.

அணைக்கட்டிலிருந்து ஒரு மாணவர்: ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான் சார். ஹாஸ்டல் செலவு தாங்காது, வேலூரைத் தாண்டி எதையும் போடாதே என்கிறார்கள் வீட்டில்.

தம்பி, இதை வீட்டில் படித்துக் காட்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆக, தூரத்துக்காகச் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியை விட வேண்டிய அவசியமே உனக்கு இல்லை.

அப்புறம், சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சிலிங்கில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போடுவது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசைதான் முக்கியம். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். உன் ரேங்க்குக்குக் கிடைக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பயத்தில் பாகாயம் தந்தை பெரியார் கல்லூரியை முதலில் போட்டு, கிண்டியைக் கீழே போட்டால், கிண்டி கிடைக்கிற ரேங்க் இருந்தும் பாகாயம்தான் வரும். ஆசைப்பட்டதை மேலே போடு, பாகாயத்தைப் பின்னால் போடு. வருஷா வருஷம் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஆற்காட்டிலிருந்து ஒரு தாய்: மகள் பி.காம். படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

பி.காம். மட்டும்தான் என்றால் அவசியம் இல்லை அம்மா. காட்பாடி ஆக்சீலியம், வேலூர் டி.கே.எம்., ஊரீசு எல்லாம் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். சி.ஏ.வும் சேர்த்துப் படிக்கப் போகிறாளா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் சென்னைக்கு அர்த்தம் உண்டு. பயிற்சிக்கு ஆடிட்டர் அலுவலகங்கள் அங்கேதான் அதிகம். ஒன்று மட்டும்: இதே கேள்வியை மகனுக்காகக் கேட்டிருப்பீர்களா?

குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவர்: ஜே.இ.இ. ரேங்க்குக்குத் திருச்சி என்.ஐ.டி. கிடைக்காது போலிருக்கிறது. கோழிக்கோடு போடலாமா?

போடலாம். என்.ஐ.டி. மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரி. அதில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கு, மீதிப் பாதி மற்ற மாநிலத்தாருக்கு. கோழிக்கோட்டில் நீ அந்த இரண்டாவது பாதியில் போட்டி போடுவாய். போன ஆண்டு கட்-ஆஃப் பார்க்கும்போது அந்தப் பட்டியலைப் பார், கேரள மாணவர்களுடையதை அல்ல. காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் கோழிக்கோடு.

திருப்பத்தூரிலிருந்து ஒரு மாணவர்: உண்மையைச் சொல்கிறேன் சார், வீட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். அதற்காக வெளியூர் கேட்பது தப்பா?

தப்பே இல்லை. பாதிப் பேருக்கு இதுதான் காரணம், சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்காகச் சுமாரான கல்லூரியில் சேர்ந்துவிடாதே. லீவுக்கு ஊருக்கு வரும்போது கல்லூரியில் ரயில் சலுகைப் படிவம் கேட்டு வாங்கு. ஸ்லீப்பரில் பாதிக் கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. என்றால் கால் பங்குதான். ஸ்டேஷன் கவுண்டரில் போய்த்தான் எடுக்க வேண்டும்.