வாசகர் கேள்வி – பதில்: புலம்பெயர்ந்த சோமாலியர்

கேள்வி (கோம்பாக்கிலிருந்து ஒரு வாசகி): எங்கள் அடுக்குமாடியில் சோமாலிய மாணவர்கள் சிலர் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுள் ஒருவரிடம் பேச்சுவாக்கில் "நீங்கள் கறுப்பினத்தவர்தானே?" என்று கேட்டுவிட்டேன். "இல்லை அக்கா, நான் சோமாலியன்" என்றார், முகம் சற்றுச் சுருங்கிற்று. அமெரிக்காவில் பிறந்த அவருடைய சித்தப்பா மகனோ தன்னைக் கறுப்பினத்தவன் என்றே சொல்லிக்கொள்கிறானாம். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு விடைகள் எப்படி வருகின்றன?

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான்; அவர்களைப் பார்க்கிற ஊர்கள்தான் வேறு. சோமாலியாவில் பெரும்பான்மையோர் ஒரே மொழியையும் ஒரே சமயத்தையும் உடையவர்கள். ஆகவே, ஒருவர் யார் என்று அறியத் தந்தைவழி முன்னோரின் பெயர் வரிசையையும் குலத்தையும் கேட்பார்களே தவிர, நிறத்தைக் கேட்கவேண்டிய தேவை எழுவதில்லை. பெரிய குலங்கள் சில தம் மூதாதையர் அரேபியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர் என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. 1974இல் அந்நாடு அரபு நாடுகள் கூட்டமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தது.

1991 ஜனவரியில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் முற்றிய பின், கென்யாவின் தடாப் முதலிய அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் இரண்டாம் ஊராயிற்று. அங்கே காரை நிறுத்திச் சோதிக்கும் காவலருக்கு ஓட்டுநரின் குலமும் தெரியாது, பாட்டன் பெயரும் தெரியாது; தெரிவது தோல் மட்டுமே. மினியாபொலிஸ் நகரில் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபோது, அந்நகரிலேயே வளர்ந்த சோமாலிய இளைஞர்கள் பலர் தெருவில் இறங்கியதற்குக் காரணம் அந்த அனுபவம்தான். பெற்றோர் தலைமுறையில் சிலர் இதைத் தம் அடையாளத்திலிருந்து நழுவுவதாகக் கருதினாலும், பிள்ளைகள் வேறொரு கணக்கைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இது அமெரிக்காவில் மட்டும் நடந்ததன்று. வேல்ஸின் கார்டிஃப் துறைமுகத்தில் சோமாலிய மாலுமிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே குடியிருந்தனர். அவர்களுள் ஒருவரான மஹ்மூத் மத்தான், கடைக்காரப் பெண்மணி ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1952இல் தூக்கிலிடப்பட்டார். விசாரணையில் அவருக்காக வாதாட வந்த வழக்கறிஞரே அவரைப் பாதி காட்டுமிராண்டி என்று பொருள்படப் பேசினார் என்றால் எதிர்த்தரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. அதற்குள் 46 ஆண்டுகள் போய்விட்டன.

ஆயினும், உங்கள் அண்டைவீட்டு மாணவரின் மறுப்பை முழுக்கக் களங்கமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, ஜுபா, ஷபேல்லே ஆற்றுப் படுகைகளில் உழவில் ஈடுபடுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் சோமாலி பாந்து எனப்படுகிறார்கள். சுருள் அடர்ந்த முடியையும் மூக்கின் அமைப்பையும் சுட்டி அவர்களை இழிவுபடுத்துவதும், பெண் கொடுக்க மறுப்பதும் இன்றும் தொடர்கின்றன. "நாங்கள் கறுப்பர் அல்லர்" என்னும் பேச்சில் இந்த ஏளனமும் சில வேளைகளில் கலந்திருக்கிறது. 2003க்குப் பின் அமெரிக்கா ஏறத்தாழ 12,000 பாந்து அகதிகளைக் குடியேற்றியது. நாட்டில் தங்களைத் தாழ்த்திய சோமாலியரும் தாங்களும் அங்கே ஒரே பட்டியலில் வைக்கப்பட்டதை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

மலேசியத் தமிழரான நம் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. ஊரில் சாதியும் கிராமமும் கேட்கப்பட்டவர், மலாயாத் தோட்டத்துக்கு வந்ததும் தெலுங்கரோடும் மலையாளியோடும் சேர்த்து "இந்தியர்" என்று எழுதப்பட்டார். இன்றும் படிவத்தில் அந்தக் கட்டத்தைத்தான் நிரப்புகிறோம். ஆனால் கல்யாணப் பேச்சு தொடங்கினால் பழைய கேள்வி தலைகாட்டுகிறது.

கேள்வி (செந்தூல் வாசகர்): அவர்களின் குலமும் நம் சாதியும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. டாரோட், ஹாவியே, இசாக் போன்ற பெருங்குலங்களுக்கிடையே தீட்டு இல்லை. பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. குலம் என்பது ஆபத்தில் கைகொடுக்கும் காப்பு. ஒருவர் செய்த கொலைக்கு இழப்பீட்டை அவர் உறவினர் எல்லாரும் சேர்ந்து கொடுப்பது பழைய வழக்கம். சாதியை நினைவூட்டுவது வேறோர் இடத்தில் இருக்கிறது: கொல்லர், தோல் வினைஞர், வேட்டைக்காரர் முதலிய தொழிற்குழுக்களோடு பெருங்குலத்தார் மணவுறவு கொள்வதில்லை. 2000இல் ஜிபூட்டி நாட்டின் ஆர்தா நகரில் நடந்த சமாதான மாநாட்டில், நாடாளுமன்ற இடங்களை நான்கு பெருங்குலங்களுக்குத் தலா ஒரு பங்கும், சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து அரைப்பங்கும் என்று பிரித்தார்கள். மனிதரை அரைப்பங்காக எண்ணும் கணக்கு அரசியலுக்கு வசதியாக இருக்கலாம், நியாயமாக இருக்க முடியாது.

கேள்வி (பினாங்கு, ஒரு தாய்): வெளிநாட்டில் வளரும் சோமாலியப் பிள்ளைகளைப் பண்பாடு கற்பதற்காக ஊருக்கு அனுப்பிவிடுவார்களாமே. என் மகனையும் ஓராண்டு தமிழ்நாட்டில் உறவினர் வீட்டில் விட எண்ணுகிறேன். இது நல்ல வழியா?

பதில்: அவ்வழக்கம் உண்மையே. லண்டனிலும் மினியாபொலிசிலும் பிள்ளை போதைப்பொருளுக்கோ குழுச் சண்டைக்கோ போய்விடுவான் என்று அஞ்சும் பெற்றோர், சோமாலியாவுக்கோ நைரோபிக்கோ அனுப்புகிறார்கள். பாட்டி வீட்டில் தங்கி மொழியையும் உறவையும் கற்றுத் திரும்புகிற பிள்ளைகளும் உண்டு. கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, "திருத்தும்" நிலையங்களில் அடைக்கப்பட்டு, அடிபட்டுத் திரும்பும் பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் சிக்கல். உங்கள் மகனே விரும்பி, எப்போது திரும்புவான் என்று முன்கூட்டியே பேசிவைத்து அனுப்பினால் எனக்கு மறுப்பில்லை. தண்டனையாக அனுப்பினால் தமிழும் அத்தண்டனையின் பகுதியாகவே அவன் மனத்தில் தங்கும். 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கப்பட்ட தீவில் இருந்துகொண்டு, மொழி கற்கக் கப்பல் ஏற்ற வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்): ஐ.நா. அகதி அட்டை வைத்திருக்கும் சோமாலிய இளைஞரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அந்த அட்டை மட்டுமே வேலை செய்யும் உரிமையைத் தந்துவிடாது. ஆகவே, முதலில் தொழிலாளர் துறையில் நேரில் விசாரியுங்கள். வேலை உரிமை இல்லாதவரின் அச்சத்தைப் பயன்படுத்திக் குறைந்த சம்பளம் கொடுக்கும் கடைக்காரர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டதே வேறு எண்ணத்தைக் காட்டுகிறது. அந்த இளைஞரின் தம்பி தங்கைகள் அகதிப் பிள்ளைகளுக்கான சமூகக் கற்றல் மையத்தில் படிக்கிறார்களா என்றும் விசாரித்துவிடுங்கள். அங்கே கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.