முதல் சுற்றிலேயே பலசாலி எதிராளி: மகளை ஆட விடலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 12, செஸ் ஆடுகிறாள். ஃபிடே ரேட்டிங் (உலகச் செஸ் கூட்டமைப்பு தரும் திறன் மதிப்பெண்) 1450. கோவைப் போட்டியின் முதல் சுற்றில் 1987 ரேட்டிங் உள்ளவருடன் ஆட வேண்டும். ஆடப் போகாமல் வாக்ஓவர் கொடுத்துவிட்டால் ரேட்டிங் தப்பும் என்கிறார் பயிற்சியாளர். என்ன செய்வது? – ஒரு தாய், குன்னூர்

பதில்: ஆட விடுங்கள். ரேட்டிங் வித்தியாசம் 537 என்றாலும் கணக்கில் அதை 400 என்றே கொள்வார்கள். ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்யும் பெருக்கெண் உங்கள் மகளின் வயதினருக்கு 40; அதன்படி, தோற்றால் போவது 3.2 புள்ளி, டிரா செய்தால் வருவது 16.8, வென்றால் 36.8. இந்த மூன்று புள்ளியைக் காப்பாற்றவா விடியுமுன் எழுப்பி, பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்க வைத்துக் குழந்தையைக் கீழே அழைத்துப் போகிறீர்கள்?

முதல் சுற்றிலேயே பலசாலி எதிராளி வந்ததில் யாருடைய சதியும் இல்லை. தோற்றவரும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடும் சுவிஸ் முறையில், ரேட்டிங் வரிசைப் பட்டியலை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியின் முதலாமவரைக் கீழ்ப்பாதியின் முதலாமவருடன் மோதவிடுவதால் முதல் சுற்று எப்போதும் இப்படித்தான் அமையும். உண்மையான இழப்பு இரண்டாம் சுற்றில் காத்திருக்கிறது: முதல் தோல்வியால் மனம் உடைந்து, தனக்குச் சமமான 1450 ஆட்டக்காரரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளி போய்விடும்.

ஆடாத ஆட்டம் ரேட்டிங் கணக்கில் சேராது என்பது உண்மைதான். அந்த அரை உண்மையை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள். 'ரேட்டிங் உயர்வு உறுதி' என்று மொத்தமாகப் பணம் வாங்கியவருக்குக் குழந்தையின் ஆட்டத்தைவிட எண் குறையாமலிருப்பதே முக்கியம். எந்தப் போட்டிக்குப் போவது, எந்தச் சுற்றில் ஆடாமல் விடுவது என்று பேரம் பேசும் இடைத்தரகர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பெற்றோர் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள். எதிராளிக்கு ரேட்டிங்கே இல்லையென்றால் அந்த ஆட்டம் உங்கள் மகளின் ரேட்டிங்கைத் தொடாது. வென்றாலும் ஏறாது, தோற்றாலும் இறங்காது. போட்டிப் புள்ளி மட்டும் உண்டு. ஆகவே, 'ரேட்டிங் இல்லாதவனிடம் தோற்றுவிட்டாளே, எல்லாம் போயிற்று' என்று மண்டபத்து வாசலில் அழ வேண்டியதில்லை.

யார் யாருடன் ஆடுவது என்ற பேரிங் பட்டியலை நள்ளிரவில் வெளியிட்டுவிட்டு, காலையில் குறித்த நேரத்துக்கு வந்து உட்கார் என்று மலையிலிருந்து வருபவர்களிடம் சொல்லும் ஏற்பாட்டை என்று திருத்துவார்களோ தெரியவில்லை. முடிந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள்.

பலகையில் அமர்ந்தபின் திரும்பத் திரும்ப டிரா கேட்க வேண்டாம். எதிராளியைத் தொந்தரவு செய்வதாக நடுவர் எச்சரிப்பார். ஒவ்வொரு நகர்வையும் தெளிவாகத் தாளில் எழுதட்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை முதலில் எதிரில் அமர்ந்தவரிடமே காட்டி, எந்த இடத்தில் ஆட்டம் கைநழுவியது என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் வெளியே வந்து காய்களை அடுக்கிக் காட்டுவார்கள்.